கண்டியை ஆட்டோவில் ஒரு நாளில் பார்ப்பது எப்படி? காவேரிப்பட்டணத்துக் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு இலங்கை போகிறார்கள். கண்டியில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். தங்கப்போகும் ஓட்டலில் ‘வழிகாட்டியுடன் டுக்டுக் சுற்றுலா’ (டுக்டுக் என்றால் நம் ஆட்டோதான்) ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார்களாம். அது சரிவருமா, கார் எடுப்பது மேலா, எதை எந்த வரிசையில் பார்ப்பது, இங்கிருந்தே பணம் கட்டிப் பதிவு செய்துவிடலாமா என்பது கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து இலங்கை போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, ஆட்டோவே எடுங்கள். மூன்று பேருக்கு அது போதும். கண்டி ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பதுபோல மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. நடுவில் ஏரி, ஏரியைச் சுற்றி ஒருவழிப் பாதை, அங்கிருந்து மேலே ஏறும் தெருக்கள் எல்லாம் குறுகல், செங்குத்து. காரில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். இறக்கிவிட்ட இடத்திலிருந்து அம்மா ஏறி நடக்க வேண்டிவரும். ஆட்டோ பல இடங்களில் வாசல் வரைக்கும் போகும், சந்துக்குள்ளும் திரும்பும். ஏறி இறங்க உயரமான படியும் கிடையாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு வேனைவிட இதுதான் சுலபம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டலில் பேசும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால், “தமிழ் பேசும் ஓட்டுநர் வேண்டும்” என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. ஓட்டலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பியர்கள் என்பதால் ஆங்கிலம் தெரிந்த ஓட்டுநரைத்தான் அவர்கள் வழக்கமாக அனுப்புவார்கள். அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஐம்பது ஆங்கில வாக்கியங்களை அப்பாவும் அம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வருவார்கள். கண்டியில் தமிழ் பேசுகிற ஆட்டோக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. மலையகத் தமிழர்கள் இருக்கிறார்கள், வீட்டிலேயே தமிழ் பேசும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், தமிழ் நன்றாகத் தெரிந்த சிங்களவர்களும் உண்டு. இந்த ஒரே ஒரு கோரிக்கையால் அந்த நாள் மொத்தமும் மாறிவிடும். அம்மா தானே கேள்வி கேட்பார். வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொல்ல உங்களைத் தேட மாட்டார்.

மலையகத் தமிழர்களைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 1820-களில் தொடங்கி, கண்டியைச் சுற்றிய மலைகளில் காப்பித் தோட்டம் போட்ட ஆங்கிலேயர்கள் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே போனார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். 2023-ல் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை போலவே அந்தக் காலத்துச் சேலம் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல். அதற்கு முன் எல்லாம் சேலம்தான். காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வந்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டம் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதனால் உங்கள் ஓட்டுநரின் பெரியப்பாவோ அத்தையோ இன்றைக்கு நீலகிரியில் இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். “நீங்க எந்த ஊர்க்காரங்க” என்று தோண்டித் துருவ வேண்டாம். அவர் இலங்கைக்காரர், கண்டி அவருடைய ஊர். அந்த மரியாதையோடு பேசினால் அவர் சொல்லும் கதை எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்காது.

அடுத்து ‘வழிகாட்டி’ என்ற பேச்சு. இலங்கையில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் வேண்டும். ஓட்டல் சொல்லும் டுக்டுக் சுற்றுலாவில் வழிகாட்டி என்பவர் பெரும்பாலும் ஓட்டுநரேதான். வண்டியில் போகும்போது சொல்லிக்கொண்டு வருவார், கோயில் பக்கத்தில் இறக்கிவிட்டு வெளியே காத்திருப்பார். அதில் தவறில்லை. ஆனால் அப்பா உள்ளே போய்த் தூண் தூணாக நின்று கேள்வி கேட்கிற ஆள் என்றால், புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகை வளாகத்துக்கு மட்டும் உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைப் பார்த்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். நாள் முழுக்க ஒரு வழிகாட்டியை வண்டியில் ஏற்றிக்கொள்வது உங்களுக்குச் சரிவராது. ஆட்டோவில் பின்னால் மூன்று பேருக்குத்தான் இடம்.

பணம் பேசுவது பற்றி. ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கும் மேல் இலங்கை ரூபாய் கிடைக்கும் என்பதால் அங்கே சொல்லும் தொகையைக் கேட்டதும் நெஞ்சு பக்கென்று இருக்கும். பதறாமல் மனசுக்குள் மாற்றிப் பாருங்கள். ‘பிக்மீ’ என்று ஒரு ஆப் இருக்கிறது, நம் ஊரில் ஓலா மாதிரி. இலங்கை சிம் போட்டதும் அதை இறக்கிக்கொள்ளுங்கள். போகப்போகும் இடங்களுக்கு ஒவ்வொன்றாக அதில் கட்டணம் பாருங்கள், கூட்டுங்கள், காத்திருக்கும் நேரத்துக்கு நியாயமாக ஒரு தொகை சேருங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். ஓட்டல் சொல்வது அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் ஒத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மடங்கு என்றால் வெளியே ஆட்டோ நிறுத்தத்தில் பேசுங்கள். எங்கெங்கே போகிறோம், எத்தனை மணி வரைக்கும், காத்திருப்பும் பார்க்கிங்கும் சேர்ந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள். நுழைவுச் சீட்டு எப்போதும் தனி. மதியச் சாப்பாடு அவருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள், அது நம் வழக்கம்.

அங்கே ஆட்டோவுக்குப் பேச்சில் த்ரீவீல், பலகைகளில் முச்சக்கரவண்டி. நம் ஊர்போல எல்லாம் ஒரே மஞ்சளாக இருக்காது. சிவப்பு, நீலம், பச்சை என்று விதவிதமாக ஓடும். பெரும்பாலானவை பஜாஜ். நடுவில் ஒன்றிரண்டு டிவிஎஸ் கிங் தென்பட்டால் அப்பாவிடம் காட்டுங்கள், அது நம் ஓசூரில் உருவாகும் வண்டி. 2020-ல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025-ல்தான் மறுபடி திறந்தது. அதனால் பல வண்டிகள் பழசாக இருக்கும். பெட்ரோல் வண்டியா, பிரேக் சரியாக இருக்கிறதா, மழைக்கு இரண்டு பக்கமும் இறக்கிவிடும் படுதா இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். படுதா முக்கியம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் மதியத்துக்குமேல் கொட்டித் தீர்க்கும்.

மலை நகரம் என்றதும் அம்மா ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் எடுத்து வைத்திருப்பார். வேண்டாம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம்தான்; நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இருப்பதும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான். ஊட்டியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். குளிர் வேண்டுமென்றால் நுவரெலியா போகணும், அது 1,800 மீட்டருக்கும் மேல். கண்டியில் காற்றில் ஈரம் அதிகம், வியர்க்கும். பருத்தித் துணி, ஒரு குடை, தண்ணீர் பாட்டில் போதும்.

இனி வரிசை. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலையில் ஊருக்கு வெளியே, மாலையில் ஊருக்குள். இதற்குக் காரணம் தலதா மாளிகையின் பூஜை நேரம். புத்தரின் புனிதப் பல் வைத்திருக்கும் அறையின் கதவு தினமும் மூன்று வேளை பூஜையின்போது திறக்கும்: விடியற்காலை ஐந்தரை மணி அளவில், காலை ஒன்பதரை அளவில், மாலை ஆறரை அளவில். மற்ற நேரத்தில் போனால் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வருவீர்கள். காலைப் பூஜையில் சுற்றுலாக் குழுக்களின் நெரிசல் அதிகம். மாலைப் பூஜையை நாளின் கடைசியில் வையுங்கள், மற்றதெல்லாம் அதற்குத் தோதாக அமையட்டும்.

காலை ஏழரை, எட்டு மணிக்குள் பேராதனை தாவரவியல் பூங்காவில் இருங்கள். ஊரிலிருந்து 6 கிலோமீட்டர் போல. மகாவலி ஆறு வளைந்து மூன்று பக்கமும் சுற்றி ஓட, நடுவில் 147 ஏக்கர். இப்போதுள்ள இடத்தில் இது 1821-ல் தொடங்கியது. அம்மாவுக்கு ஏற்ற இடம். பாதை பெரும்பாலும் சமமானது, நிழல் உண்டு, உட்கார பெஞ்சு உண்டு. முழுவதையும் நடந்து பார்க்க நினைக்காதீர்கள். ராயல் பனை வரிசை, ஆர்க்கிட் வீடு, புல்வெளியில் குடைபோல் படர்ந்து நிற்கும் ஜாவா அத்தி, இரட்டைத் தேங்காய் காய்க்கும் கடல்தென்னை இந்த நான்கும் போதும். நம் மாவட்டத்தில் மாந்தோப்பு பார்த்து வளர்ந்தவர்கள் மரத்தை ரசிக்கத் தெரிந்தவர்கள். அந்த அத்தி மரத்தின்கீழ் அம்மா கொஞ்ச நேரம் நிற்பார் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு ஒரு செய்தி: இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை இந்தப் பூங்காவில்தான் வைத்திருந்தார்.

அங்கிருந்து கொழும்பு சாலையில் மேற்கே போனால் பிலிமத்தலாவைப் பக்கத்தில் மூன்று பழைய கோயில்கள் கிராமங்களுக்குள் இருக்கின்றன: கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க. ஓட்டல்காரர்கள் தரும் சுற்றுலாப் பட்டியலில் இவை பெரும்பாலும் இருக்காது. நான் இவற்றைத்தான் முக்கியமாகச் சொல்வேன். வயலும் பாக்குத் தோப்புமாக இருக்கும் சின்ன வழிகள், பஸ் போகாது, ஆட்டோவுக்கென்றே போட்டதுபோல் இருக்கும்.

கடலாதெனிய 14-ஆம் நூற்றாண்டு, 1344-ல் மன்னர் நான்காம் புவனேகபாகு காலத்தில் கட்டியது. பாறைமேல் கருங்கல்லில் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தாலே நம் ஊர்ச் சிவன் கோயில்போல இருக்கும், காரணம் இல்லாமல் இல்லை: கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியாவிலிருந்து போனவர். தூண், போதிகை, வாசல் எல்லாம் நம் சிற்ப முறை, கருவறையில் புத்தர். நம் பெண்ணேஸ்வரமடம் கோயிலைப் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு அந்தத் தூண்களைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். எம்பக்க கோயில் கதிர்காமக் கடவுளுக்கு, அதாவது நம் முருகனுக்கு. அதன் முன்மண்டபம் முழுக்க மரத்தூண்கள். ஒவ்வொரு தூணிலும் செதுக்கிய அன்னம், மல்யுத்த வீரர்கள், பாலூட்டும் தாய், இரட்டைத் தலைக் கழுகு என்று ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவதான லங்காதிலக அழகான இடம்தான், ஆனால் பாறையில் வெட்டிய படிகள் ஏறணும். அம்மாவை வைத்துக்கொண்டு அதை விட்டுவிடலாம்; அல்லது அம்மா வண்டியில் இருக்க, அப்பாவும் நீங்களும் ஓடிப்போய் வந்துவிடலாம்.

இதெல்லாம் முடித்து ஊர் திரும்ப ஒரு மணி ஆகும். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை பள்ளிக்கூடம் விடும் நேரம். கண்டி நகரம் அசையாது. ஏரிப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளாமல், ஊருக்கு வெளியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சைவச் சாப்பாடு என்றால் மரக்கறிச் சாப்பாடு என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: பார்க்கச் சைவமாக இருக்கும் தேங்காய்ச் சம்பலிலும் சில பொரியலிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவார்கள். அம்மா சுத்த சைவம் என்றால் “மாசி போடாததா” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பிட்டபின் ஓட்டலுக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள். இந்த ஓய்வைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள். இல்லாவிட்டால் மாலையில் கோயில் வரிசையில் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும், அந்த நாளின் சிறந்த பகுதி வலியில் போய்விடும்.

மூன்றரைக்கு வண்டியை மேலே ஏற்றச் சொல்லுங்கள். ஊரைப் பார்க்க இரண்டு இடம் உண்டு. பஹிரவகந்த குன்றின்மேல் 88 அடி உயர வெள்ளைப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவார். இன்னொன்று ஏரிக்குத் தெற்கே ஆர்தர்ஸ் சீட் என்னும் வளைவு. இரண்டும் வேண்டாம், ஆர்தர்ஸ் சீட் ஒன்று போதும். வண்டி பக்கத்திலேயே நிற்கும், படி ஏற வேண்டாம். ஏரி, தலதா மாளிகை, பின்னால் உடவத்தகலே காடு என்று எல்லாம் ஒரே பார்வையில் விரியும். மாலையில் போகப்போகும் இடங்களை ஓட்டுநர் அங்கேயே விரல் நீட்டிக் காட்டிவிடுவார். கீழே இறங்கினால் திசை குழம்பாது.

நாலரைக்கு அரண்மனைப் பகுதியில் இறங்குங்கள். இந்த இடத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் ஐந்து மணி நடனக் காட்சிக்குப் போய்விட்டு, ஆறரைக்கு ஓடிவந்து பூஜையை மட்டும் பார்க்கிறார்கள். கண்டி நடனம் நல்ல கலை, மேளமும் தீ மிதிப்பும் உண்டு. குழந்தைகளோடு போனால் அதையே பாருங்கள். ஆனால் வரலாற்று ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போய், வெளிச்சம் இருக்கும்போது இந்த வளாகத்தைக் காட்டாமல் விட்டால் மனசு ஆறாது.

முதலில் தேவாலயங்கள்; அங்கே தெய்வங்களின் கோயிலுக்குத்தான் அந்தப் பெயர், சர்ச் இல்லை. தலதா மாளிகைக்கு எதிரிலேயே நாத தேவாலயம், பத்தினி தேவாலயம், பக்கத்தில் விஷ்ணு தேவாலயம். கதிர்காம தேவாலயம் மட்டும் கொஞ்சம் தள்ளிக் கடைத்தெருவில். நாத தேவாலயம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்டியில் நிற்கும் கட்டடங்களில் அதுதான் பழையது. பத்தினி தெய்வம் நம் கண்ணகி. அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். குழந்தைக்கு நோய் தீர வேண்டிக்கொண்டு சிங்களத் தாய்மார்கள் தட்டு ஏந்தி வருவதை அங்கே பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் நடக்கும் எசல பெரகராவில் யானை ஊர்வலம் கிளம்புவது இந்த நான்கு தேவாலயங்களிலிருந்தும் தலதா மாளிகையிலிருந்தும்தான். அந்தச் சமயத்தில் போவதாக இருந்தால் நான் சொன்ன திட்டம் எதுவும் நடக்காது, தெருவெல்லாம் அடைத்துவிடுவார்கள். அது வேறு மாதிரிப் பயணம்.

அப்புறம் மகுல் மடுவ, அரசவை மண்டபம். செதுக்கிய மரத்தூண்கள், ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் திறந்தது. 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து ராஜ்யத்தை ஒப்படைத்தது இங்கேதான். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் யாராலும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாத ராஜ்யம். ஆங்கிலேயர்களே 1803-ல் உள்ளே வந்து பெரும் உயிர்ச்சேதத்தோடு திரும்பினார்கள்.

அந்த ராஜ்யத்தின் கடைசி நான்கு அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பத்தினர். 1739-ல் வாரிசு இல்லாமல் அரசர் இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த பட்டத்து ராணியின் சகோதரர் அரியணை ஏறினார். இந்தப் பரம்பரை வீட்டில் தெலுங்கும் தமிழும் பேசியது. நம் மாவட்டத்தில் அப்படி எத்தனையோ குடும்பங்கள் இருப்பதால் இது நமக்குச் சட்டென்று புரியும். அவர்களே பௌத்தத்தின் பெரிய காவலர்களாகவும் இருந்தார்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் சயாம் நாட்டிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, 1753-ல் துறவு மரபை மறுபடி நிலைநாட்டினார்கள். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுசாமி. ஏரியை 1807-ல் வெட்டியவர் அவர்; கோயிலின் முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபமும் அவர் கட்டியது. ஏரிக்கரையில் அலை அலையாக ஓடும் வெள்ளைச் சுவர் அந்தக் காலத்தது. கட்டாய வேலையில் ஏரி வெட்டியதில் ஊர்ப் பெரியவர்களுக்கு அவர்மேல் கசப்பு இருந்தது. அந்தக் கசப்பு ஆங்கிலேயருக்கு உதவியது.

பிடிபட்ட அரசரைக் குடும்பத்தோடு 1816-ல் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். வேலூர்க் கோட்டைக்குள் அவர்கள் இருந்த இடத்துக்குக் கண்டி மகால் என்றே பெயர். அதே கோட்டையில் திப்பு மகாலும் இருக்கிறது. 1792-ல் நம் பகுதியான பாராமகால் திப்புவின் கையிலிருந்து ஆங்கிலேயரிடம் போனதைப் பாடமாக நடத்திய அப்பாவுக்கு இந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது புரியும்: 1799-ல் திப்பு இறந்தபின் அவர் குடும்பம் அங்கே காவலில் இருந்தது, 1806 வேலூர்ப் புரட்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, பத்து வருடம் கழித்து கண்டி அரசர் வந்தார். 1832-ல் அவர் வேலூரிலேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதியை முத்து மண்டபம் என்கிறார்கள். பெங்களூர்–சென்னை சாலையில் நம் ஊரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். கண்டி போவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அதைப் பார்த்துவிட்டுப் போனால், மகுல் மடுவவில் நிற்கும்போது அவருக்குக் கதை முழுசாக இருக்கும்.

ஆறு மணிக்குத் தலதா மாளிகைக்குள் போங்கள். 1998 ஜனவரியில் இங்கே பெரிய குண்டுவெடிப்பு நடந்தது, அதனால் சோதனை கடுமை; பை குறைவாக எடுத்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, வெளிர் நிறம் நல்லது. அம்மாவின் புடவைக்கும் அப்பாவின் வெள்ளை வேட்டிக்கும் அங்கே தனி மரியாதை கிடைக்கும். செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. சார்க் நாட்டவருக்குக் குறைவாக இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். வாசலில் தாமரையும் நீலோற்பலமும் விற்பார்கள், ஒரு தட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழே மேளம் தொடங்கியதும் மேலே போகும் வரிசையில் நில்லுங்கள். மரப்படி ஏறணும், கூட்டம் மெதுவாகத்தான் நகரும், அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரட்டும். பல்லை யாருக்கும் காட்டுவதில்லை. ஸ்தூபி வடிவத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஏழு பேழைகளில் வெளிப்பேழைதான் தெரியும், அதுவும் சில நொடி. கலிங்க இளவரசி ஹேமமாலா கூந்தலில் ஒளித்து 4-ஆம் நூற்றாண்டில் அந்தப் பல்லை இலங்கைக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அதைக் கையில் வைத்திருப்பவருக்கே ஆட்சி உரிமை என்று நம்பினார்கள். தலைநகரம் மாறிய போதெல்லாம் பல்லும் கூடவே போனது. பூஜை முடிந்து நேரம் இருந்தால், திறந்திருந்தால், ராஜா யானையின் பாடம் செய்த உடலை வைத்திருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். பல வருடம் பெரகராவில் பேழையைச் சுமந்த யானை, 1988-ல் இறந்தது.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அங்கே அது பெரிய அவமதிப்பு, போலீஸ் வரைக்கும் போகும். பௌர்ணமி நாள் போயா விடுமுறை. கோயிலில் கூட்டம் அலைமோதும், பல கடைகள் மூடியிருக்கும். உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள்.

விட வேண்டியவை: ரத்தினக் கடை, மூலிகைத் தோட்டம், பத்திக் துணிக்கடை. “சும்மா பத்து நிமிஷம் பாருங்க, ஃப்ரீதான்” என்று ஓட்டுநர் நிறுத்தினால், கடைக்காரர் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அது அவர் பிழைப்பு, சண்டை வேண்டாம். காலையில் வண்டி ஏறும்போதே “கடை எதுவும் வேண்டாம்ணே, அந்தக் காசை நாங்களே சேர்த்துக் கொடுத்துடறோம்” என்று சொல்லி, சொன்னபடி கொடுத்துவிடுங்கள். பின்னவல யானைகள் காப்பகம் கண்டியிலிருந்து 40 கிலோமீட்டர் போல. ஆட்டோவில் போய்வந்தால் அரை நாள் காலி. கொழும்பிலிருந்து வரும் வழியில் பார்ப்பது வேறு விஷயம். டீ பார்க்க ஆசையென்றால் ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக்குள் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. மழை பெய்து கோயில்களுக்குப் போக முடியாமல் போனால் காலையில் அதை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இங்கிருந்தே பணம் கட்டணுமா என்ற கேள்வி. வேண்டாம். ஓட்டலிடம் தமிழ் ஓட்டுநர் வேண்டும் என்பதை மட்டும் இப்போதே எழுதிக் கேட்டு, பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்ததும் அவரை வரச்சொல்லி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பேச்சும் ஓட்டும் பிடித்திருந்தால் மறுநாளைக்கு உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் வேறு ஆள் தேட ஒரு ராத்திரி இருக்கிறது. முன்பே கவனிக்க வேண்டியவை வேறு. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. இ.டி.ஏ. என்னும் பயண அனுமதியை அரசின் இணையதளத்தில் நேரடியாக எடுங்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போக ஆசை இருக்கும், ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகரைச் சேர்ந்தவர்கள் நாம். 1867-ல் போட்ட அந்தப் பாதை ரம்புக்கனைக்கு அப்புறம் மலை ஏறும் அழகே தனி. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதைகளும் சாலைகளும் பல இடங்களில் சேதமாயின. நீங்கள் போகும் வாரத்தில் எந்த ரயில் எதுவரை ஓடுகிறது, பிலிமத்தலாவைக் கோயில் வழிகள் திறந்திருக்கின்றனவா என்று அதே ஓட்டுநரிடம் போனில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.